பதினாறுக்கும் பதினேழுக்கும் இடையில் போன முழங்கால்

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒன்பது ஆண்டுகளாக 24 அசைவுத் தாய் சி என்னும் மெதுவான சீனப் பயிற்சியைப் பழகி வருகிறேன். பழகியவர்களுக்கு நான் சொல்லப்போகும் கட்டம் தெரிந்திருக்கும். பதினாறாவது அசைவில் வலக்காலில் தாழ்ந்து, இடக்காலை நீட்டி, பிறகு அந்த இடக்காலிலேயே எழுந்து ஒற்றைக்காலில் நிற்போம். வலக்காலைக் கீழே வைத்ததும், அதையே மறுபக்கமாக இடக்காலில் தாழ்ந்து செய்யும் பதினேழாவதற்காக இடது முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைச் சுழற்றி உடலைத் திருப்ப வேண்டும். அன்று காலை சாரலில் சிமெண்டுத் தரை நனைந்திருந்ததால், வழுக்கிவிடுமோ என்று பயந்து, வழக்கமான துணிக் காலணியை விட்டுவிட்டுத் தரையை நன்கு பிடிக்கும் ரப்பர் அடியுள்ள ஓட்டக் காலணியை அணிந்து போனேன். அது நன்றாகவே பிடித்துக்கொண்டது. உடல் திரும்பியது, பாதம் திரும்பவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த முழங்கால் மாட்டிக்கொண்டது.

மறுநாள் காலை முழங்கால் வீங்கிப் படி இறங்க முடியவில்லை. அவசரத்தில் நான் செய்த பெரிய தவறு, முதலில் அரசின் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போகாமல் நேரே மருத்துவமனையின் எலும்பியல் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசி முன்பதிவு செய்தது. ஐந்தே நாளில் தேதி கிடைத்ததில் எனக்குப் பெருமைகூட. நொண்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றபோதுதான், பரிந்துரைக் கடிதம் இல்லாததால் என்னைத் தனியார் கட்டண நோயாளியாகப் பதிந்திருக்கிறார்கள் என்பதும், அப்படியே தொடர்ந்தால் ஸ்கேனுக்கும் மானியம் கிடைக்காது என்பதும் தெரிந்தது. தொலைபேசியில் யாரும் இதைச் சொல்லவில்லையே என்றேன். நீங்கள் கேட்கவில்லையே என்று முகப்பில் இருந்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். மருத்துவரைப் பார்க்காமலே வீடு திரும்பினேன். பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கச் சிரமமே இல்லை. ஆனால் அதைக்கொண்டு கிடைத்த தேதி ஏழு வாரம் தள்ளி இருந்தது.

ஏழு வாரத்துக்குப் பிறகு பார்த்த மருத்துவர் காலை மடக்கி, திருகி, வலிக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, உள்பக்கச் சவ்வு (மெனிஸ்கஸ் எனும் மூட்டுக் குருத்தெலும்புத் தட்டு) கிழிந்திருக்கலாம் என்று எம்ஆர்ஐக்கு எழுதினார். இங்கேயும் ஒரு வீண் அலைச்சல். ஸ்கேன் முடிவைப் பார்ப்பதற்கான சந்திப்பை, ஸ்கேன் எடுக்கும் நாளுக்கு மூன்று நாள் முன்னதாகப் பதிந்திருந்தார்கள். இரண்டு தேதிகளும் தனித்தனித் தாள்களில் வந்ததால் நானும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அரை நாள் விடுப்பு போட்டுப் போய் உட்கார்ந்து, இன்னும் படமே எடுக்கவில்லையே என்று மருத்துவரே வியந்ததைக் கேட்டுவிட்டு வந்தேன். முகப்பை விட்டு நகரும் முன் எல்லாத் தேதிகளையும் வரிசையாக ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்கேனில் கிழிசல் உறுதியானது. அந்தச் சவ்வின் உள்விளிம்புக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவு என்பதால் அங்கே கிழிந்தது தானாக ஒட்டுவது அரிது; ஆனாலும் முழங்கால் இடையில் பூட்டிக்கொள்ளாதவரை அறுவைக்கு அவசரமில்லை, முதலில் தசையை வலுவாக்குங்கள் என்று இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார்.

என் கோபமெல்லாம் அடுத்து நடந்ததன் மீதுதான். முதல் அமர்வில், என்ன உடற்பயிற்சி செய்வீர்கள் என்று அந்த இயன்முறை மருத்துவர் கேட்க, தாய் சி என்றேன். மெதுவான பயிற்சிதானே, முழங்காலுக்கு நல்லது, தாராளமாகத் தொடருங்கள் என்றார். அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2016இல் அமெரிக்காவில் முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரிடம் நடத்திய ஆய்வில், 12 வாரம் தாய் சி செய்தவர்கள் இயன்முறைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இணையாகத் தேறினார்கள். ஆனால் அது தேய்மானத்துக்கான ஆய்வு; புதிதாகச் சவ்வு கிழிந்தவர் ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. மெதுவாகச் செய்வது சுமையைக் குறைப்பதில்லை. முழு உடல் எடையும் மடங்கிய ஒரு முழங்காலில் தங்கும் நேரத்தைக் கூட்டுகிறது. இது தெரிந்திருந்தும், மருத்துவமனையில் சொன்னார்களே என்று வகுப்புக்குப் போனேன். இரண்டே நாளில் வீக்கம் திரும்ப வந்தது.

மூன்றாவது அமர்வில் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டு, வகுப்பில் எடுத்த காணொளியைக் கைப்பேசியில் காட்டினேன். பதினேழாவது அசைவு வந்ததும் அவர் படத்தை நிறுத்தி, இதையா செய்கிறீர்கள் என்றார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு உண்மையான சிகிச்சை தொடங்கியது என்பேன். கண்ணாடி முன் நிற்கவைத்து, தாழும்போது என் இடது முழங்கால் உள்பக்கமாகச் சாய்வதைக் காட்டினார்; முழங்கால் எப்போதும் இரண்டாவது கால்விரல் இருக்கும் திசையையே பார்க்க வேண்டும் என்றார். தொடைத் தசையை இறுக்கிப் பிடிப்பது, நீட்டிய காலை உயர்த்துவது, படி ஏறி இறங்குவது எல்லாம் வழக்கம்போல் நடந்தன. எனக்குப் புதிதாகக் கிடைத்தது ஒரே விதி: எடையை மறுகாலுக்கு மாற்றிய பிறகே பாதத்தைத் திருப்பு. இதைத்தான் எங்கள் லாவ்ஷி (ஆசிரியர்) மாண்டரினும் மலாயும் கலந்து, முழங்காலால் திரும்பாதே, குவாவால், அதாவது இடுப்பு மடிப்பால் திரும்பு என்று ஒன்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இயன்முறை மருத்துவரைப் பார்க்கப் போகிறவர்கள் பயிற்சியின் பெயரைச் சொல்வதோடு நிற்காமல், மிகத் தாழ்ந்த நிலை தெரியும்படி ஒரு காணொளி எடுத்துப் போங்கள்.

ஐந்தாவது மாதம் முழுச் சுற்றையும் உயரமான நிலையிலேயே செய்து முடித்தேன். மறுநாள் காலை முழங்காலை அளந்து பார்த்தேன், வீக்கம் இல்லை. இப்போது துணிக் காலணிதான். தரை ஈரமாக இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன். பதினாறாவது அசைவில் வலக்காலில் பழையபடி தாழ முடிகிறது. பதினேழில் இடக்கால் இன்னும் பாதி வழிதான் இறங்குகிறது. போன வாரம் லாவ்ஷி அருகில் வந்து நின்று முழங்காலைக் கூர்ந்து பார்த்தார். "பெலான் பெலான்" (மெதுவாக, மெதுவாக) என்று மலாயில் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனார்.