அப்பாவின் மாத்திரை

போர்வை உரசினாலே கத்துகிறார் அப்பா. கால் கட்டைவிரல் தக்காளி மாதிரி சிவந்து வீங்கியிருக்கிறது. கவுட் என்கிற மூட்டு வீக்க நோய்.

மருத்துவர் எழுதிய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: கோல்சிசின், 0.5 மி.கி.

அட, நம்ம மூலனூர்ப் பக்கம் பந்தல் போட்டு வளர்க்கிறார்களே, கண்வலிக் கிழங்கு, அதுதான் செங்காந்தள். அதன் விதையிலும் இருக்கிற சரக்கு!

செல்லுக்குள் 25 நானோமீட்டர் தடிமனில் நுண்குழல்கள் உண்டு. டியூபுலின் என்ற புரதம் செங்கல் செங்கலாகச் சேர்ந்து வளரும், சட்டென்று உதிரும். செல்லுக்குத் தூணும் அதுதான், சரக்கு போகிற தண்டவாளமும் அதுதான்.

கோல்சிசின் அந்தச் செங்கல்லைப் பிடித்துக்கொள்ளும். குழல் எழும்பாது. வீக்கத்துக்கு ஓடிவரும் வெள்ளையணுக்கள் தடுமாறும், வீக்கம் அடங்கும்.

அளவு மீறினால் விஷம். செல் பிரியும்போது குரோமோசோமை இழுக்கிற கயிறும் அதே குழல்தானே.

அப்பாவிடம் சொன்னேன்.

"அந்தச் செடியா? ஆடுகூட வாய் வைக்காதேடா!"