பரோக் சுரங்கத்தின் சாதுவான பேய்

கால்கா–சிம்லா மலை ரயில் பாதையின் மிக நீளமான சுரங்கம், சுமார் 1,144 மீட்டர் நீளமுள்ள 33ஆம் எண் பரோக் சுரங்கம். ஆனால் பேய்க்கதைகள் அதைவிட, சற்றுத் தொலைவில் பாதியில் கைவிடப்பட்டுக் கிடக்கும் முந்தைய சுரங்கத்தையே அதிகம் சுற்றி வருகின்றன.

மலையின் இரு பக்கங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் தோண்டத் தொடங்கிய பொறியாளர் கர்னல் பரோக்கின் கணக்கு பிழைத்து, இரு முனைகளும் நடுவில் சந்திக்காமற்போகவே, ஆங்கிலேய அரசு அவருக்கு ஒரு ரூபாய் அபராதம் விதித்தது என்றும், அந்த அவமானம் தாளாமல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். பின்னர் தலைமைப் பொறியாளர் ஹாரிங்டன், பல்கு என்னும் உள்ளூர்வாசியின் துணையோடு வேறிடத்தில் சுரங்கத்தை அமைத்தார். 1903இல் பாதை திறக்கப்பட்டது. பல்கு தம் கைத்தடியால் பாறையைத் தட்டி, எழும் ஒலியைக் கேட்டே வழி சொன்னாராம். பேயைவிட இதுவே எனக்கு வியப்பளிக்கிறது.

பரோக்கின் ஆவி யாரையும் அச்சுறுத்துவதில்லை, எதிர்ப்படுவோரிடம் நின்று பேசிவிட்டுப் போகும் என்கிறார்கள். இருளுக்குள்ளிருந்து முனகல் கேட்டதாகச் சொல்வோரும் உண்டு. மறுமுனை இல்லாத குகையில் சொட்டும் நீரின் ஓசைகூட எதிரொலித்துத் திரும்புமாதலால், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அபராதம் விதிக்கப்பட்டவரின் பெயரையே ஊருக்கும் ரயில் நிலையத்துக்கும் சூட்டியிருப்பதால், அவருக்கு மனக்குறை சற்றுத் தணிந்திருக்கவும் கூடும்.