அடா அண்ணை

அடா அண்ணையின் அந்தியேட்டியன்று, அந்த முப்பத்தோராம் நாள் சடங்கில், கையில் தந்த கல்வெட்டை, அதாவது நினைவுப் புத்தகத்தை, வீட்டுக்கு வந்து இரண்டு முறை படித்தேன். பிறந்தது 1934, சிங்கப்பூர். பெற்றோர், சகோதரர், பட்டம், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாம் முறையாக இருந்தன. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒன்றரை வரி கிடைத்திருந்தது. 'அடா' என்ற சொல் எங்கேயும் இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. தகப்பனை ஊர்ப் பொடியள் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை எந்த மகள் அச்சில் போடுவாள்? ஆனால் இது நம்முடைய பள்ளிக்கூட மலர். இதில் அவரை 'டொக்டர்' என்று எழுதினால் பாதிப் பேருக்கு ஆளே பிடிபடாது.

பெயர் வந்த கதை பலருக்குத் தெரியும், தப்பாகத் தெரியும். அவர் வாயால் கேட்டபடி எழுதுகிறேன். அவருடைய ஐயா இங்கே சிங்கப்பூரில் கிளாக்கர். யப்பான்காரன் காலத்தில் பிள்ளையின் படிப்புக் குழம்பிப்போக, 1947இல் கப்பலேற்றி யாழ்ப்பாணத்தில் ஊருக்கு அனுப்பிப் பள்ளிக்கூட விடுதியில் விட்டார். வீட்டில் தமிழும் தெருவில் மலாயும் பேசி வளர்ந்த பதின்மூன்று வயதுப் பிள்ளை. முதல் நாள் வரவு இடாப்புக் கூப்பிடுகிறார்கள். இவருடைய பெயர் வந்ததும் எழும்பி நின்று "அடா" என்றார். மலாயில் அதற்கு 'இருக்கிறேன்' என்று அர்த்தம். தமிழில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மாஸ்ரர் இடாப்பை மூடி வைத்துவிட்டுப் பூவரசந்தடியை எடுத்தார். ஆறு அடி. "இப்ப ஒழுங்காச் சொல்லு" என்று திரும்பவும் பெயரைக் கூப்பிட்டார். அழுதுகொண்டிருந்த பிள்ளைக்குப் பயத்தில் வேறு சொல் வரவில்லை. "அடா" என்றது. இன்னும் ஆறு.

அந்த மாஸ்ரரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவரிடம் படித்தவர்களுக்கு எழுதவும் தேவையில்லை. வெள்ளை வேட்டி, மூக்குப்பொடி மட்டை, அந்த இருமல். போதும்.

என்னுடைய முறை 1971இல் வந்தது. கிரிக்கெட் பந்து முன்பல்லில் பட்டுப் பாதி உடைந்துபோயிருந்தது. மறுநாள் காலைப் பிரார்த்தனையில் தேவாரம் படிக்கிற முறை எனக்கு. 'ச' வருகிற இடமெல்லாம் விசில் வந்தது. மண்டபம் அடக்கிக்கொண்டுதான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். மாஸ்ரர்தான் பின்வரிசையிலிருந்து, "யாழ்தேவி வந்திட்டுது, எல்லாரும் ஏறுங்கோ" என்றார். பிறகு அடக்க என்ன இருக்கிறது? எண்ணூறு பேர் சிரித்தார்கள். கொழும்பிலிருந்து வரும் ரயிலின் பெயர் அது. அன்றிலிருந்து நான் யாழ்தேவி. நன்றாகப் பாடுவேன் என்று அம்மா எல்லோருக்கும் சொல்லித் திரிந்த காலம் அது. அதற்குப் பிறகு நான் பாடவில்லை. சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்துகிற பழக்கமும் அப்போது வந்ததுதான்.

அந்தக் கையோடுதான் 1985இல் சிங்கப்பூர் வந்து இறங்கினேன். எம்ஆர்டி என்கிற நகர ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த நேரம், பொறியியலாளர்கள் தேவைப்பட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலில் பூசை முடிந்து வெளிவீதியில் யாரோ பகிடி விட, நான் வழக்கம்போலக் கையைத் தூக்கினேன். பக்கத்தில் நின்ற பெரியவர், "ஐசே, கையை எடும் பாப்பம்" என்றார். எடுத்தேன். "ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கிளினிக்குக்கு வாரும்." அவ்வளவுதான் அறிமுகம்.

கிளினிக் ஜூ சியாட்டில், கடைவீட்டின் மேல்மாடி. கேலாங் சிராயிலிருந்து வரும் மலாய்க் கிழவிகள், பெரனாக்கான் அம்மாக்கள், நம்முடைய ஆட்கள் என்று ஒரே நெரிசல். அண்ணை ஒவ்வொரு வாய்க்குள்ளும் குனிந்து, "அடா சாக்கிட்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நோகுதா? ஒரு நாளைக்கு அறுபது எழுபது தரம் அந்தச் சொல் அவர் வாயில் வந்திருக்கும். பன்னிரண்டு அடி வாங்கித் தந்த சொல்.

என் முறை வந்தபோது பல் எப்படி உடைந்தது என்று அவர் கேட்கவில்லை. "ஆர் பேர் வைச்சது?" என்றுதான் கேட்டார். சொன்னேன். கையிலிருந்த கருவியை வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "என்ர பேரும் அந்தப் பட்டறையில அடிச்சதுதான் ஐசே!" மேலே எழுதிய கதையை அப்போதுதான் கேட்டேன், வாயைத் திறந்தபடி, இடையில் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாமல்.

பல்லைச் சீவி, அச்செடுத்து, இரண்டு வாரத்தில் பீங்கான் உறை போட்டுவிட்டார். கண்ணாடியில் பார்த்தபோது வேறு யாரோ நின்றார்கள். காசு எவ்வளவு என்று கேட்டேன். "ஊருக்குப் போகேக்க மாஸ்ரரைப் போய்ப் பாரும். அதுதான் கூலி."

சரி அண்ணை, என்றேன்.

அவர் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில் இங்கேயே பல் மருத்துவம் படித்தவர். முதலில் அரசாங்கத்தின் பள்ளிப் பல் மருத்துவச் சேவை, பிறகு சொந்தக் கிளினிக், எழுபத்தைந்து வயதுவரை. 1950களில் இங்கே குழாய்த் தண்ணீரில் புளோரைட் கலக்கத் தொடங்கியதைச் சொல்லி, "அரசாங்கமே என்ர பிழைப்பில மண் போட்டுட்டுது" என்பார், பெருமையோடு. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வாய்க்கால் கரையில் குந்தியிருந்து, கையில் குவளையோடு பல் துலக்கிய எழுபதுகளின் படம் ஒன்று கிளினிக் சுவரில் இருந்தது. அதில் மூன்றாவதாக இருப்பது அவருடைய நடு மகள்.

மூன்று மகள்மாரின் பல்லில் அவர் ஒருநாளும் கை வைத்ததில்லை. ஊருக்கெல்லாம் பல் பிடுங்கியவர், சொந்தப் பிள்ளையின் ஆடுகிற பாற்பல்லைப் பிடுங்கப் பயந்து பள்ளித் தாதியிடம் விட்டுவிடுவார். அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா, அவதான் சொல்லிச் சிரிப்பா. அக்காவுக்கு மறதி நோய் வந்து, ஆட்களின் முகம் பிடிபடாமல் போன கடைசி ஐந்து வருடமும் இரவில் பல் துலக்கிவிட்டது அவர்தான். வேலைக்கு நின்ற பெண்ணை விடமாட்டார். சில நேரம் அக்கா விரலைக் கடித்துவிடுவா. "பல்லு இன்னும் பலமாத்தான் இருக்கு" என்று துணியைச் சுற்றிக்கொண்டு வந்து எங்களோடு தேத்தண்ணி குடிப்பார். கல்வெட்டில் 'அன்புக் கணவர்' என்று இரண்டே சொல்.

1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றபோது தொலைபேசியில் கூப்பிட்டார். "உம்மட விசிலை நான் நிப்பாட்டியிருக்கக் கூடாது ஐசே." சிரிக்க முயன்றோம்.

2002இல், போரில் மூடிக்கிடந்த யாழ்ப்பாணத்து ஏ9 பாதை திறந்ததும் வீட்டுக்கே வந்துவிட்டார். ஓகஸ்ட்டில் போவோம், மாஸ்ரர் தனியே இருக்கிறாராம், மனைவி இல்லை, பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும், வாயில் ஒரு பல் இல்லாமல் சோற்றைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறாராம். நான் மகளுக்குப் பிஎஸ்எல்இ, ஆறாம் வகுப்பு முடிவுச் சோதனை, வருகிறது என்றேன். சிங்கப்பூரில் அதைவிடப் பெரிய சாட்டு இல்லை. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார், பல்லைப் பார்க்கிற மாதிரி. பிறகு, "ஓம், அது முக்கியம்தான்" என்றார்.

தனியே போனார். சூட்கேசில் அச்செடுக்கும் பொடி, பிளாஸ்டர், தட்டுகள். ஒரு சோதனைச் சாவடியில் பொடிப் பையைப் பார்த்து மறித்துவிட்டார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்துக் காட்டினாராம். புதினா வாசம் வந்து, இரண்டு நிமிடத்தில் ரப்பர் மாதிரி இறுகியதும் காவலுக்கு நின்ற பொடியன் தன் கையிலும் கொஞ்சம் வாங்கிப் பார்த்தானாம். மாஸ்ரருக்கு அப்போது எண்பது வயது. திண்ணையில் இருத்தி அச்செடுத்து, அங்கேயே பிளாஸ்டர் ஊற்றி எடுத்து வந்தார். கடி அளவு பார்க்க இன்னொரு பயணம், பல்லைப் போட்டுவிட மூன்றாவது. மூன்று தரமும் என்னைக் கேட்டார். எனக்கு மூன்று தரமும் வேலை இருந்தது.

கடைசிப் பயணம் முடிந்து வந்து காருக்குள் இருந்தபடி சொன்னார். மாஸ்ரருக்கு இவரை நல்ல நினைவாம், மலாயாவிலிருந்து வந்த கெட்டிக்காரப் பொடியன் என்று. தடியைப் பற்றி நினைவே இல்லை. "நான் உனக்கு எப்பவாவது அடிச்சனானோ?" என்று கேட்டாராம்.

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"இல்லை சேர் எண்டன்."

அப்புறம் மாஸ்ரர் என்னை விசாரித்திருக்கிறார். அந்த யாழ்தேவி என்ன செய்கிறான்? "நிலத்துக்குக் கீழ ரயில் விடுறான் சேர்" என்று அண்ணை சொல்ல, கிழவர் சிரித்த சிரிப்பில் மேல்தட்டு கழன்று மடியில் விழுந்ததாம். அதைக் காருக்குள் நடித்துக் காட்டினார். நான் நன்றாகச் சிரித்தேன், கை வைக்காமல். வீட்டுக்கு வந்து நித்திரை வரவில்லை.

மாஸ்ரர் 2005இல் போய்விட்டார். 2014இல் திரும்ப ரயில் விட்டபிறகுதான் நான் ஊருக்குப் போனேன். யாழ்தேவியில் யாழ்தேவி என்று யாரும் பகிடி பண்ணவில்லை, பெட்டிக்குள் என்னைத் தெரிந்தவர்கள் இல்லை. பள்ளிக்கூட மண்டபம் நினைவில் இருந்ததைவிடச் சின்னது. எண்ணூறு பேர் அதற்குள் நின்றிருக்க முடியுமா என்று இப்போதும் சந்தேகம். மாஸ்ரர் வீட்டுப் படலை பூட்டிக் கிடந்தது.

இந்த வாழ்க்கையைக் குறை சொல்லி எழுத எனக்கு உரிமை இல்லை. சிங்கப்பூர் என்னை நன்றாகத்தான் வைத்திருக்கிறது. கட்டிய சுரங்கங்களில் ஏறிப் போகிறேன். உறை போட்ட பல் நாற்பது வருடம் நெருங்கியும் அசையவில்லை.

அந்தியேட்டி முடிந்து புறப்படும்போது நடு மகள் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்தாள். அப்பாவின் அலுமாரியில் இருந்ததாம். உள்ளே பழைய செய்தித்தாள் சுற்றி இரண்டு பிளாஸ்டர் அச்சு, மேல் ஈறும் கீழ் ஈறும். பல்லே இல்லாத வாய். அடியில் பென்சிலால் மாஸ்ரரின் பெயரும் 2002 என்றும் அண்ணையின் கையெழுத்தில் இருந்தன.

"யார் அங்கிள் இது? வேண்டாதது என்றால் எறிந்துவிடுகிறோம்."

நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மனிசி அதைச் சாமித்தட்டுப் பக்கம் வைக்க விடவில்லை, அதுவும் நியாயம்தான். இப்போதைக்கு என் மேசையில், கணினிக்குப் பக்கத்தில், சற்றுத் திறந்தபடி இருக்கிறது.