ஸ்பானிய உச்சரிப்பு: நானும் மகளும் பழகிய கதை

ஹூஸ்டனில் ஸ்பானிய மொழி காதில் விழாத நாளே கிடையாது. கடையில், கட்டட வேலை நடக்கும் இடத்தில், மருத்துவமனை வரவேற்பறையில் என்று எங்கும் கேட்கும். என் மகள் இங்கேயே பிறந்தவள். வீட்டில் தமிழ் புரியும், ஆனால் வாயில் வருவதெல்லாம் ஆங்கிலம். பள்ளியில் ஸ்பானிய மொழி எடுத்தாள். இலக்கணமும் சொற்களும் சீக்கிரம் வந்துவிட்டன. உச்சரிப்பு மட்டும் ஆங்கிலமாகவே நின்றது. சரி, சேர்ந்தே பழகுவோம் என்று இருவரும் உட்கார்ந்தோம். சுற்றிலும் அதிகம் கேட்பது மெக்சிகோ பேச்சு என்பதால் அதையே எடுத்துக்கொண்டோம்.

எல்லோரும் உருட்டும் 'ர்ர' ஒலிதான் பெரிய மலை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆங்கிலம் பேசிப் பழகிய வாயைக் காட்டிக்கொடுப்பது உயிரொலிதான். ஸ்பானிய மொழியில் அ, எ, இ, ஒ, உ என்று ஐந்தே உயிர். எந்த அசையில் வந்தாலும் அதனதன் உருவம் மாறாது. ஆங்கிலத்திலோ அழுத்தம் விழாத அசையின் உயிர் கரைந்து முனகலாகிவிடும். சாக்லேட்டுக்கு இரண்டு மொழியிலும் எழுத்து ஒன்றேதான். மகள் பழக்கத்தில் அதை இரண்டே அசையில் முடித்துவிடுவாள். ஸ்பானிய மொழியில் சொக்கொலாத்தெ என்று நான்கு அசையும் முழுசாக ஒலிக்க வேண்டும்.

இதற்குக் கைகொடுத்த வழி, சொல்லைப் பின்னாலிருந்து கட்டுவது. முதலில் 'தெ' மட்டும். பிறகு 'லாத்தெ', 'கொலாத்தெ', கடைசியில் முழுச்சொல். இப்படிச் சொன்னால் எந்த அசையையும் விழுங்க முடியாது. அப்புறம் கண்ணாடி. 'இல்லை' என்பதற்கான 'நோ' இரண்டு மொழியிலும் உண்டு. ஆங்கில 'நோ'வின் முடிவில் உதடு குவிந்து ஒரு 'வ்' ஒட்டிக்கொள்ளும். ஸ்பானிய 'நோ'வில் உதடு தொடங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். கண்ணாடி முன் நின்று உதட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு பல மாலைகள் இதையே சொன்னாள். மற்ற எந்தப் பயிற்சியையும்விட அவள் பேச்சை மாற்றியது இதுதான்.

மெய்யெழுத்தில் தமிழ் பெரிய உதவி. ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் ப, ட, க வந்தால் கூடவே மூச்சும் வெடிக்கும். உதட்டுக்கு முன் டிஷ்யூ தாளைப் பிடித்துச் சொன்னால் தாள் ஆடும். ஸ்பானிய மொழியில் ஆடக்கூடாது. மேலும் அந்த 'ட' நம் 'த'வைப் போல நாக்கு பல்லில் தொட்டு வர வேண்டும். 'டாக்கோ' அல்ல, 'தாக்கொ'. ஸ்பானியச் சொற்களை நான் தமிழ் எழுத்தில்தான் நோட்டில் எழுதி வைக்கிறேன். அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் கண்ணில் பட்டது. 'வந்தது' என்று சொல்லிப் பாருங்கள். 'ந்'துக்குப் பின் வரும் முதல் 'த' அழுத்தமாக மூடித் திறக்கிறது. இரண்டு உயிருக்கு நடுவே வரும் அடுத்த 'து' மென்மையாகி, காற்று கசிய வருகிறது. ஸ்பானிய மொழியிலும் இதே நடப்புதான். 'ஒரு விரல்' என்பதற்கு 'உன் தேதொ'. முதல் 'த' கெட்டி, இரண்டாவது மென்மை. 'க'வும் அப்படியே. 'தேங்கொ'வில் கெட்டி, ஏரியைக் குறிக்கும் 'லாகொ'வில் 'பகல்' என்பதில் வருவது போன்ற மென்மை. இதைச் சொன்னதும் மகள், "அப்பா, அப்போ நான் வந்ததுன்னு சொல்ற மாதிரியே சொன்னா போதுமா?" என்றாள். "போதும்மா, அதே நாக்குதான்" என்றேன். ஒரு வித்தியாசம் உண்டு. தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் வரும் 'த'வில் தொண்டை அதிராது. ஸ்பானிய மொழியில் அதிர்வதும் அதிராததும் வேறு வேறு ஒலிகள். அதைக் காது கொடுத்துத்தான் பழக வேண்டும்.

இனி 'ர'. உயிர்களுக்கு நடுவே வரும் ஒற்றை 'ர' நம்முடையதுதான்: நாக்கு நுனி மேலே ஒரு முறை தட்டிவிட்டுப் போகும். அமெரிக்கர்கள் 'பட்டர்', 'வாட்டர்' என்று வேகமாகச் சொல்லும்போது நடுவே கேட்பதும் அதே தட்டல். மகளுக்கு இந்த வழியாகத்தான் அது கிடைத்தது. இரட்டை 'ர்ர' வேறு. 'பெரொ' என்றால் 'ஆனால்', 'பெர்ரொ' என்றால் நாய். இதில் நாக்கை நாமாக ஆட்டக்கூடாது. நுனியைத் தளர்வாக மேல் ஈறருகே வைத்து மூச்சை விட்டால், காற்றில் கொடி படபடப்பதுபோல அது தானே அதிரும். இறுக்கினால் அதிராது. 'த்ரேஸ்', 'ஓத்ரொ' போன்ற சொற்களில் 'த்ர'வை நீட்டிப் பழகினோம், நாக்கு ஏற்கனவே சரியான இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே எளிதாக வரும்.

வந்ததா இல்லையா என்று காது மட்டும் சொன்னால் போதவில்லை. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான 'ப்ராட்' என்ற இலவச மென்பொருளில் குரலைப் பதிவு செய்து ஒலியலையைப் பார்த்தோம். விலை அதிகம் என்று பொருள்படும் 'காரொ'வில் அலை ஒரே இடத்தில் ஒடுங்குகிறது. வண்டியைக் குறிக்கும் 'கார்ரொ'வில் இரண்டு மூன்று ஒடுக்கங்கள் வரிசையாகத் தெரிகின்றன. மகளின் அலையில் முதன்முதலாக இரண்டாவது ஒடுக்கம் தெரிந்த மாலையில் வீடே அதிரக் கத்தினாள்.

எனக்கு அதிக உழைப்பு கேட்டது அழுத்தம். தமிழில் அழுத்தம் இடம் மாறினால் பொருள் மாறாது. ஸ்பானிய மொழியில் மாறும். 'ஆப்லொ' என்றால் 'நான் பேசுகிறேன்', 'அப்லோ' என்றால் 'அவர் பேசினார்'. விதி எளிமையானது: சொல் உயிரிலோ, 'ந்' அல்லது 'ஸ்' எழுத்திலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம், இல்லையென்றால் கடைசி அசையில். இதற்கு மாறினால் அழுத்தம் விழும் உயிரின் தலைமேல் சிறு கோடு போட்டு எழுதிவிடுவார்கள். ஆகவே எழுத்தைப் பார்த்தாலே எங்கே அழுத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். இந்த நேர்மைக்காகவே எனக்கு இந்த மொழியைப் பிடிக்கிறது.

டெக்சஸ் வரைபடம் எங்களுக்குப் பயிற்சிப் புத்தகமாகிவிட்டது. ஊர்க்காரர்கள் 'சான் ஜசின்டோ' என்று சொல்வதை 'சான் ஹசிந்தொ' என்றும், 'அமரில்லோ'வை 'அமரீயொ' என்றும் ஸ்பானிய முறையில் வாசித்துக்கொண்டே காரில் போகிறோம். இப்போது கையில் இருப்பது, 'ல்', 'ந்', 'ஸ்' இவற்றுக்குப் பின் வரும் 'ர'. எழுத்தில் ஒற்றையாக இருந்தாலும் வாயில் உருள வேண்டும். 'என்ர்ரீக்கெ' என்ற ஆள் பெயர் மகளுக்கு வந்துவிட்டது. சுற்றிலும் என்று பொருள்படும் 'அல்ர்ரெதெதோர்' இருவருக்கும் மெதுவாகச் சொன்னால் வருகிறது, வேகமாகச் சொன்னால் 'ல்'லிலேயே நாக்கு நின்றுவிடுகிறது. அதனால் இந்த வாரம் 'அல்' என்று நிறுத்தி, நாக்கை எடுக்காமலே மூச்சைக் கூட்டிப் பார்க்கிறோம்.