ஊட்டி ஓடைகளும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பும்

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஊட்டியின் நீர்வழிகளைக் குறிக்கும் வேலை ஒருவழியாக டவுனுக்குள் இறங்கிவிட்டது. மேட்டுப் பகுதிகளில் பெரிய தலைவலி இல்லை. அதே தரவில் நில உயரங்களைக் காட்டும் ஓபன்டோபோமேப்பில் சம உயரக் கோடுகள் மேட்டைப் பார்த்து மடங்கியிருக்கும் இடமெல்லாம் பள்ளம். அதன் போக்கிலேயே ஓடையை வரையலாம். கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்) அடர்ந்த இடத்தில் செயற்கைக்கோள் படத்தை நம்பிப் பயனில்லை. மேலிருந்து கீழாக வரைவது முக்கியம், கோடு போகும் திசையைத்தான் தண்ணீர் ஓடும் திசையாக எடுத்துக்கொள்வார்கள். யாராவது தலைகீழாக வரைந்திருந்தால் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைத் திருத்த உதவும் ஐடி (iD) எடிட்டரில் கோட்டைத் தேர்ந்து 'வி'யை அழுத்தினால் போதும்.

டவுனில் கதையே வேறு. மலைச்சாலையில் சாக்கடை பொதுவாக மேட்டுப் பக்கம்தான் இருக்கும். அந்தத் தண்ணீர் ஆங்காங்கே சாலைக்கு அடியில் கல்வெர்ட் (சிறு அடிப்பாலம்) வழியாகப் பள்ளத்துப் பக்கம் போகிறது. இது எந்தப் படத்திலும் தெரியாது. நடந்துதான் பார்க்க வேண்டும், அதுவும் மழையில். மார்க்கெட் பக்கம் ஒரு கல்வெர்ட் வாய் அகப்பட்டது. சின்ன சிமெண்ட் தொட்டி, பாதிக்கு மேல் கேரட் தழையும் பாட்டில்களும். ஓர் ஓரமாகக் கிடைத்த இடுக்கில் தண்ணீர் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது. மறுமுனை எங்கே என்று தெரியவில்லை.

"அண்ணா, இந்தத் தண்ணி எங்க போகுது?"

"லேக்குக்குத்தான். பெரிய மழைன்னா முதல்ல நம்ம கடைக்கு வந்துட்டுப் போகும்" என்றார் கடைக்காரர்.

இரு முனைகளும் தெரிந்துவிட்டால் வேலை சுலபம். சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடைக் கோட்டை வெட்டி, நடுத்துண்டுக்கு மட்டும் டனல்=கல்வெர்ட், லேயர்=-1 (சாலைக்குக் கீழே) என்ற குறிகள். சாலையைத் தொடவே வேண்டாம்.

கோடப்பமந்து கால்வாய்தான் யோசிக்க வைத்தது. ஆங்கிலேய கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் அமைத்த ஊட்டி ஏரிக்கு டவுனின் தண்ணீரைக் கொண்டுபோவது இது. இரு பக்கமும் சுவர், உள்ளே ஓடுவது பெரும்பாலும் கழிவுநீர். 'டிரெய்ன்' (drain) என்று குறி போடத்தான் கை வரும். ஆனால் அந்தக் குறி மனிதர் வெட்டிய வடிகாலுக்கு உரியது. இதுவோ மலையிலிருந்து இறங்கும் ஓடை, சுவர் பின்னால் வந்தது. சாக்கடை நாற்றம் அடிக்கிறது என்பதற்காக ஓடையின் பிறப்பை மாற்ற முடியுமா? 'ஸ்ட்ரீம்' (ஓடை) என்றே போட்டேன். பெயர் ஊரார் சொல்வதுதான், 'கால்வாய்' அப்படியே இருக்கட்டும். சாலையோரச் சிமெண்ட் சாக்கடைகளுக்கு 'டிரெய்ன்', வெறும் மண் வெட்டுக்கு 'டிட்ச்'.

அடுத்து ஏரிக்குக் கீழே, காமராஜ் சாகர் அணை வரை. அங்கே இரண்டு செயற்கைக்கோள் படங்கள் ஒன்றுக்கொன்று சில மீட்டர் விலகி நிற்கின்றன, மலைச்சரிவில் இது சகஜம். ஜிபிஎஸ் தடம் எடுத்துவந்து படத்தைச் சரியாகப் பொருத்திய அப்புறம்தான் கோடு.