தட்டின் அடிப்புறம்

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் ‘மாசு’ என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தினேன். நோயாளியின் மாதிரியிலிருந்து கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புத் தட்டில் கறுப்பாக ஏதாவது முளைத்தால் போதும், காற்றில் வந்து விழுந்த பூஞ்சை என்று பதிவேட்டில் எழுதித் தட்டை அழிக்க அனுப்பிவிடுவேன். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்ததால் யாரும் தட்டிக்கேட்கவில்லை.

ஒருமுறை, விவசாயி ஒருவரின் பாதத்தில் பல ஆண்டுகளாக இருந்த மருப் போன்ற தடிப்பிலிருந்து தோல் மாதிரி வந்தது. மூன்றாவது வாரம் தட்டில் கரும்பச்சை வெல்வெட் விரித்தாற்போல் ஒரு வளர்ச்சி. வழக்கம்போல் ‘மாசு’ என்று எழுதினேன். சில மாதங்களில் அவரிடமிருந்தே இரண்டாவது மாதிரி வந்தது. அதிலும் அதே கருமை.

“தட்டைத் திருப்பிப் பார்த்தீர்களா?” என்றார் மூத்த நிபுணர். காற்றில் வந்து விழும் அஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையில் வித்துகள்தான் கறுப்பு, அடிப்புறம் வெளிறியிருக்கும். இதிலோ பூஞ்சை இழையிலேயே மெலனின் என்ற கருநிறமி இருப்பதால் அடிப்புறமும் கரி பூசியதுபோல் இருந்தது. ஆனால், காற்றில் அலையும் கிளடோஸ்போரியம் என்ற பூஞ்சைக்கும் அடிப்புறம் கறுப்புதான். ஆகவே, பூஞ்சையைத் திசுவிலேயே பார்த்தாக வேண்டும்.

தடிப்பின் மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருக்கும். உடல் வெளியே தள்ளும் பூஞ்சை அங்கேதான் சேர்கிறது. மூத்த நிபுணர் புள்ளி இருந்த இடத்தில் சுரண்டி, தோல் திசுவைக் கரைக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் வைத்தார். எந்தச் சாயமும் ஏற்றாமலேயே, செப்புக்காசு நிறத்தில், தடித்த சுவருடன், குறுக்கும் நெடுக்குமாகப் பிளந்த உருண்டைச் செல்கள் தெரிந்தன. குரோமோபிளாஸ்டோமைகோசிஸ் என்ற நாட்பட்ட தோல் பூஞ்சை நோய் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. வளர்ந்திருந்தது ஃபொன்சிகேயா பெட்ரோசோய்: மண்ணிலும் மட்கும் செடிகளிலும் வாழ்வது, முள்ளோ சிராயோ குத்தும்போது தோலுக்குள் நுழைவது. நம் வெள்ளணுக்கள் வீசும் ஆக்சிஜன் நஞ்சை அந்த மெலனினே தாங்கிக்கொள்கிறது. இட்ராகொனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை மாதக்கணக்கில் விழுங்க வேண்டியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முள் குத்தியதுண்டா என்று அந்த விவசாயியிடம் கேட்டதற்கு, “எத்தனையோ குத்தியிருக்கிறது, எதைச் சொல்வது?” என்றாராம். நியாயமான பதில். எங்கள் படிவத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. நான் ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன்.

2017இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் சேர்த்தது. என் முதல் தட்டைப் புறக்கணித்தது நான்தான். இப்போது பூஞ்சைத் தட்டுகளை நான்கு வாரம் முடியாமல் எடுக்க விடுவதில்லை. இன்குபேட்டரில் இடமே இல்லை என்று சக ஊழியர்கள் முணுமுணுக்கிறார்கள்.