அக்கா மகன் சீனப் பள்ளிக்குப் போகப் போகிறான்

பினாங்கில் இருக்கும் அக்கா, மகனைச் சீனப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்க்க முடிவு செய்துவிட்டாள். மலேசியாவில் வழக்கமாக ஏழு வயதில்தான் ஒன்றாம் வகுப்பு, அதனால் இன்னும் நேரம் இருக்கிறது, இப்போது லீவுக்குப் பாளையங்கோட்டை வந்திருக்கிறான்.

பாடமெல்லாம் மாண்டரின் என்கிற சீன மொழியில், கூடவே மலாயும் ஆங்கிலமும் உண்டு. "பிள்ளை தமிழை மறந்துருவாம்லா" என்று அம்மாவுக்கு ஒரே கவலை. எனக்குக் கவலை வேறு. கூடப் படிக்கப்போகும் பிள்ளைகளில் நிறையப் பேர் வீட்டிலேயே மாண்டரின் கேட்டு வளர்ந்தவர்கள், இவன் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. எழுத்து மெதுவாக வரட்டும், முதலில் பாட்டும் கதையுமாகக் காதுக்குப் பழக்கு என்று அக்காவிடம் சொன்னேன், ஏனென்றால் தொனி மாறினால் அர்த்தமே மாறிவிடும், முக்கியமாக 4 தொனி, அதெல்லாம் புத்தகத்தைப் பார்த்து வருவதில்லை.

எழுத்திலும் ஒழுங்கு உண்டு. பத்து என்பதற்குக் கூட்டல் குறி மாதிரிதான் போட வேண்டும், ஆனால் குறுக்குக் கோடு முதலில், நெடுக்குக் கோடு அப்புறம். பயல் திண்ணையில் சாக்பீஸால் அதை எழுதி ஆச்சிக்குச் சொல்லிக்கொடுக்கிறான்! ராத்திரி ஆச்சி அவனுக்குத் தமிழில் கதை சொல்கிறாள், ஊருக்குப் போனாலும் வீடியோ காலில் அது தொடரும், அதில் மாற்றமே கிடையாது.

அங்கே சீனப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்கவைத்த நம்ம ஊர்க்காரர்கள் இருந்தால் சொல்லுங்கள், முதல் வருஷமே டியூஷன் வேண்டியிருக்குமா?